எந்தக் கரையில் பிடிச்சது? ஒரே கேள்வியோடு காடு காடாக அலைந்த வாலஸ்

ட்ரெக்கிங் போற வழியில ஒரு பச்சைப் பாம்பு கண்ணுல படுது. உடனே போனை எடுத்து ஒரு க்ளிக். லொகேஷன் ஆன்ல இருந்தா தேதி, நேரம், இடம் எல்லாத்தையும் போனே குறிச்சு வெச்சுக்கும். அதுக்காக நாம தனியா எதுவும் செய்யறதில்லை.

ஆனா 170 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு உயிரினத்தை எங்கே பிடிச்சோம்னு சரியா எழுதி வைக்கிறது விஞ்ஞானிகளுக்கே பெரிய விஷயமாகத் தெரியவில்லை. ஐரோப்பிய மியூசியங்களுக்கு வந்து சேர்ந்த குரங்குத் தோலில் அமேசான் என்று மட்டும் எழுதியிருக்கும். சிலவற்றில் தென் அமெரிக்கா. அவ்ளோதான். அமேசான் படுகையோ, கிட்டத்தட்ட இந்தியாவைப் போல இரண்டு மடங்கு பெரியது!

இது சரியில்லை, ஆற்றின் எந்தக் கரை என்று வரைக்கும் எழுத வேண்டும் என்று அடம்பிடித்தவர் ஒருவர் இருந்தார். பெயர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அந்த ஒரு கேள்விக்காக அவர் 12 வருஷம் வெப்பமண்டலக் காடுகளில் சுற்றினார். தம்பியை இழந்தார், சேர்த்ததை எல்லாம் தீயில் இழந்தார். ஆனாலும் மறுபடி கிளம்பிப் போனார்.

சங்கிலி பிடித்த பையன்

1823 ஜனவரி 8-ம் தேதி, வேல்ஸ் பகுதியில் உஸ்க் என்ற ஊருக்குப் பக்கத்தில் பிறந்தார் வாலஸ். வீட்டில் மொத்தம் 9 பிள்ளைகள், இவர் எட்டாவது. அப்பாவுக்குப் பணத்தைக் கையாளத் தெரியவில்லை. குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. 14 வயதிலேயே ஸ்கூல் படிப்பு நின்றுபோச்சு. காலேஜ் பக்கம் அவர் போனதே இல்லை.

அண்ணன் வில்லியம் ஒரு நில அளவையாளர், அதாவது சர்வேயர். தம்பியைக் கூடவே அழைத்துக்கொண்டார். வயல், வேலி, மலைச்சரிவு என்று சங்கிலி பிடித்து அளப்பதும், அளந்ததை வரைபடத்தில் போடுவதும்தான் வேலை. எல்லைக்கோடு ஒரு அடி தள்ளிப்போனாலும் சண்டை வரும் தொழில் அது. இந்த நிலம் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று பார்க்கிற பழக்கம் அந்த வயதிலேயே அவருக்கு வந்துவிட்டது. பின்னாடி உயிரினங்களையும் அவர் அதே கண்ணோடுதான் பார்த்தார்.

1844-ல் லெஸ்டர் நகரில் கொஞ்ச நாள் வாத்தியார் வேலை. அங்கிருந்த நூலகத்தில் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற இளைஞர் நண்பரானார். பேட்ஸுக்கு வண்டு பைத்தியம். அந்தப் பைத்தியம் இவருக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரிடமும் காசு இல்லை. ஆனா ஒரு வழி இருந்தது. வெப்பமண்டலக் காடுகளின் பறவைத் தோல், பட்டாம்பூச்சி, வண்டு எல்லாத்துக்கும் லண்டனில் நல்ல விலை. பிடிச்சு அனுப்பினா விற்றுக்கொடுக்க சாமுவேல் ஸ்டீவன்ஸ் என்ற ஏஜென்ட் கிடைத்தார். 1848 ஏப்ரலில் கப்பல் ஏறினார்கள். அப்போது வாலஸுக்கு வயது 25.

அமேசான்: இந்தக் கரையா, அந்தக் கரையா?

மே மாதக் கடைசியில் பிரேசிலின் பாரா துறைமுகத்தில் இறங்கினார்கள். இன்று அந்த ஊரின் பெயர் பெலேம். கொஞ்ச காலம் கழித்து பேட்ஸ் ஒரு பக்கம், வாலஸ் ஒரு பக்கம் என்று பிரிந்தார்கள். ரியோ நீக்ரோ என்ற கிளை ஆற்றில், ஐரோப்பியர்கள் அதிகம் போகாத மேல்பகுதி வரை படகில் போனார் வாலஸ். பழைய சர்வேயர் அல்லவா, போகிற வழியில் காம்பஸ் வைத்து ஆற்றையே வரைபடமாகவும் வரைந்துகொண்டார்.

காடு சும்மா விடுமா? ரத்தம் குடிக்கும் வௌவால் அவரை இரண்டு முறை கடித்தது. ஒருமுறை கால்விரலில், இன்னொரு முறை மூக்கு நுனியில்! இரண்டு தடவையும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வௌவாலின் பல் அவ்வளவு கூர்மை. வலிக்காமல் ஒரு துளி தோலைச் சீவிவிட்டு, கசியும் ரத்தத்தை நக்கிக் குடிக்கும்.

குரங்குகளைத் தேடும்போதுதான் அவர் ஒன்றைக் கவனித்தார். ஆற்றின் ஒரு கரையில் இருக்கும் இனம் எதிர்க்கரையில் இல்லை. அங்கே அதைப் போலவே இன்னொரு இனம். இது அங்கிருந்த பழங்குடி வேட்டைக்காரர்களுக்கு முன்பே தெரியும். குறிப்பிட்ட ஒரு விலங்கு வேண்டும் என்றால் அவர்கள் யோசிக்காமல் படகை எதிர்க்கரைக்குத் திருப்புவார்கள். லண்டன் மியூசியத்தில் தெரியாத விஷயம், படகு ஓட்டுகிறவருக்குத் தெரிந்திருந்தது.

வாலஸ் அதைப் பிடித்துக்கொண்டார். ஆறு என்பது ஒரு வேலி என்றால், ஒவ்வொரு இனத்துக்கும் ஒரு எல்லை இருக்கிறது. அந்த எல்லையை வரைந்துவிட்டால், இனங்கள் எப்படி உருவாகின்றன என்ற பெரிய கேள்விக்கே வழி கிடைக்கலாம். அதுக்கு முதலில் வேண்டியது, எந்தக் கரையில் பிடிச்சது என்ற ஒரு வரி.

இந்த நேரத்தில் வீட்டிலிருந்து ஒரு இடி. உதவிக்கு என்று 1849-ல் வந்திருந்த தம்பி ஹெர்பர்ட்டுக்குக் காட்டு வாழ்க்கை ஒத்துவரவில்லை. ஊர் திரும்பக் கப்பலுக்காகப் பாராவில் காத்திருந்தபோது மஞ்சள் காய்ச்சல் வந்து, 1851-ல் இறந்துபோனார். வயது 22. வெகுதூரத்தில் ஆற்றின் மேல்பகுதியில் இருந்த அண்ணனுக்கு அந்தச் செய்தி வந்து சேரவே மாதக்கணக்கானது. அவரும் அப்போது கடும் காய்ச்சலில் படுத்துக் கிடந்தார்.

கடல் நடுவே தீ

1852 ஜூலையில் ஹெலன் என்ற கப்பலில் ஊருக்குக் கிளம்பினார். கூடவே பெட்டி பெட்டியாகப் பூச்சிகள், பறவைத் தோல்கள், உயிரோடு சில குரங்குகளும் கிளிகளும். விற்பதற்கு இல்லாமல் தனக்கென்று ஒதுக்கி வைத்திருந்த சேகரிப்பும் அதில்தான் இருந்தது. எந்த இனம், எந்த இடம் என்று அவர் கண்ட எல்லைகளுக்கான சாட்சி அது.

ஆகஸ்ட் 6-ம் தேதி, அட்லாண்டிக் கடலின் நடுவில் கப்பல் தீப்பிடித்தது. புகை சூழ்ந்த கேபினுக்குள் ஓடி, கைக்குக் கிடைத்த ஒரு சின்னத் தகரப் பெட்டியை மட்டும் எடுத்தார். உள்ளே மீன்கள், பனை மரங்களின் ஓவியங்களும் கொஞ்சம் குறிப்புகளும் இருந்தன. கயிற்றைப் பிடித்துப் படகில் இறங்கியபோது உள்ளங்கைத் தோல் உரிந்தது. குரங்குகளையும் கிளிகளையும் காப்பாற்ற வழியில்லை. கடலில் விழுந்த ஒரே ஒரு கிளியை மட்டும் தூக்கிப் படகில் போட முடிந்தது.

ஓட்டைப் படகில் தண்ணீரை இறைத்து இறைத்து 10 நாள். பிறகு வேறொரு கப்பல் வந்து ஏற்றிக்கொண்டது. அக்டோபர் 1-ல் இங்கிலாந்தில் கால் வைத்தபோது கையில் எதுவுமே இல்லை. ஏஜென்ட் ஸ்டீவன்ஸ் முன்யோசனையோடு 200 பவுண்டுக்கு இன்ஷூரன்ஸ் எடுத்து வைத்திருந்தது ஒன்றுதான் ஆறுதல். பணம் கொஞ்சம் வந்தது. மாதிரிகள் வரவில்லை.

அதே வருஷம் டிசம்பரில், ஞாபகத்தையும் மிச்சமிருந்த குறிப்புகளையும் வைத்து அமேசான் குரங்குகளைப் பற்றி விலங்கியல் சங்கத்தில் கட்டுரை வாசித்தார். ஆறுகள் எப்படி இனங்களைப் பிரிக்கின்றன என்று சொன்னார். மியூசியச் சீட்டுகளில் இடத்தைச் சரியாக எழுதாததைக் கண்டித்தார். காட்டிலிருந்து அவர் பத்திரமாகக் கொண்டுவந்தது அந்தக் கேள்வியை மட்டும்தான்.

மறுபடியும் மூட்டை கட்டினார்

வேறு யாராவதாக இருந்தால் போதும்டா சாமி என்று ஊரிலேயே இருந்திருப்பார்கள். வாலஸ் 1854-ல் திரும்பவும் கப்பல் ஏறினார். இந்த முறை கிழக்கே, மலாய்த் தீவுக்கூட்டம். இன்றைய சிங்கப்பூர், மலேசியா, இந்தோனேசியா, கிழக்குத் திமோர், நியூ கினி பகுதிகள். அமேசானில் ஆறு வேலி என்றால், இங்கே கடலே வேலி. ஆயிரக்கணக்கான தீவுகள். அவர் கேள்விக்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் கிடையாது.

சிங்கப்பூர் புக்கித் தீமா காட்டில் அவருடைய ஒருநாள் டைம்டேபிள் இதுதான். காலை ஐந்தரைக்கு எழுந்து குளியல், காபி. முந்தின நாள் பிடித்த பூச்சிகளை அடுக்கிக் காயவைப்பது. எட்டு மணிக்குச் சாப்பாடு. ஒன்பதுக்குக் காட்டுக்குள். மதியம் இரண்டு, மூன்று மணிக்குத் திரும்பினால் அடுத்து ஊசி குத்தி அடுக்கும் வேலை. புலி நடமாடும் காடு, புலி பிடிக்க வெட்டிய குழிகள் வேறு. ஒரு சதுர மைல் அளவுள்ள இடத்தில் மட்டும் சுமார் 700 வகை வண்டுகள் சிக்கின.

பிடிப்பதைவிடக் காப்பாற்றுவதுதான் கஷ்டம். உலரவைத்த பறவைத் தோலை எறும்பு மொய்த்துவிடும். லோம்போக் தீவில் ஒரு பெஞ்சின் நாலு காலையும் தண்ணீர் ஊற்றிய தேங்காய்ச் சிரட்டைகளில் நிறுத்தி, அதன் மேல் மாதிரிகளைக் காயவைத்தார். நம்ம வீட்டில் பாட்டி பலகாரப் பாத்திரத்தைத் தண்ணித் தட்டில் வைப்பாங்களே, அதே டெக்னிக்.

அம்போன் தீவில் நடந்தது இன்னும் பயங்கரம். ராத்திரி படுத்தபோது கூரையில் ஏதோ சரசரப்பு. கண்டுகொள்ளாமல் தூங்கிவிட்டார். மறுநாள் படுத்தபடி புத்தகம் படிக்கும்போது அண்ணாந்து பார்த்தால், மஞ்சளும் கருப்புமாக ஏதோ கிடக்கிறது. ஆமை ஓட்டை யாரோ செருகி வைத்திருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தார். உற்றுப் பார்த்தால், சுருண்டு கிடந்த மலைப்பாம்பு! ஏறக்குறைய 12 அடி. இரவு முழுக்க அதற்குக் கீழேதான் தூங்கியிருக்கிறார். பாம்பு பிடிக்கத் தெரிந்த பூரு தீவுக்காரர் ஒருவர் பிரம்பில் சுருக்குப் போட்டு இழுத்து வெளியேற்றினார்.

பச்சான் தீவில் பழந்தின்னி வௌவால்கள் கூட்டம் கூட்டமாக வரும். பகலில் சின்னச் சின்னத் தீவுகளின் மரங்களில் ஆயிரக்கணக்கில் தொங்கும். ஊர்மக்கள் கூடை கூடையாகப் பிடித்து வந்து மசாலா போட்டுச் சமைப்பார்கள். அவரும் சாப்பிட்டுப் பார்த்து, முயல் கறி மாதிரி இருக்கிறது என்று எழுதி வைத்தார்.

சில மணி நேரப் பயணம், இரண்டு உலகம்

1856 ஜூனில் பாலியிலிருந்து லோம்போக் தீவுக்குக் கடந்தார். பக்கத்துப் பக்கத்துத் தீவுகள். ஒன்றிலிருந்து பார்த்தால் இன்னொன்றின் மலை தெரியும். மழை, மண், வெயில் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆனா பாலியில் பார்த்த குக்குறுவானும் மரங்கொத்தியும் லோம்போக்கில் அவர் கண்ணில் படவே இல்லை. அதுக்குப் பதில் கொண்டை வைத்த வெள்ளைக் காக்கட்டூ கிளிகள், தேன் உறிஞ்சும் பறவைகள், மண்மேட்டுக்குள் முட்டையைப் புதைத்துவிட்டுப் போகும் பறவைகள். எல்லாம் ஆஸ்திரேலியப் பக்கத்துச் சொந்தக்காரர்கள். இந்தப் பக்கம் ஆசியா, அந்தப் பக்கம் ஆஸ்திரேலியா. நடுவில் ஒரு நீரிணை.

காரணம் கடலின் ஆழம் என்று வாலஸ் சொன்னார். இன்று நமக்கு அது இன்னும் தெளிவாகத் தெரியும். பனியுகத்தில் கடல்மட்டம் 100 மீட்டருக்கும் மேல் இறங்கியபோது பாலி, ஜாவா, போர்னியோ எல்லாம் ஆசியாவோடு ஒரே நிலமாகச் சேர்ந்திருந்தன. விலங்குகள் நடந்தே வந்தன. பாலிக்கும் லோம்போக்குக்கும் நடுவில் உள்ள பள்ளம் அப்போதும் வற்றவில்லை. பறக்கத் தெரிந்த வௌவால்கள் தாண்டின. நடக்க மட்டும் தெரிந்த பெரும்பாலான விலங்குகள் அந்தக் கரையிலேயே நின்றுவிட்டன. 1868-ல் ஹக்ஸ்லி என்ற விஞ்ஞானி அந்த எல்லைக்கு வாலஸ் கோடு என்று பெயர் வைத்தார்.

தீவு வாரியாகச் சீட்டு எழுதாமல் இருந்திருந்தால் இந்தக் கோடு தெரிந்திருக்குமா? 1835-ல் காலபாகோஸ் போன டார்வினே, எந்தச் சின்னக் குருவி எந்தத் தீவு என்று குறிக்காமல் விட்டு, பின்னாடி கப்பலில் கூட வந்தவர்களின் சேகரிப்பைப் பார்த்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது. வாலஸோ, தீவின் பெயரைச் சுருக்கி எழுதிய குட்டி வட்டச் சீட்டை ஒவ்வொரு பூச்சியின் ஊசியிலும் குத்தி வைத்தார்.

அலி இல்லாமல் இது நடந்திருக்காது

இந்தக் கதையில் இன்னொரு ஹீரோ இருக்கிறார். 1855-ல் சரவாக்கில் சமையல் வேலைக்குச் சேர்ந்த மலாய் இளைஞர் அலி. வயது 15 இருக்கும். படகு ஓட்டுவார், உடம்பு சரியில்லாதபோது பார்த்துக்கொள்வார். சுடவும், தோல் உரித்துப் பதப்படுத்தவும் சீக்கிரமே கற்றுக்கொண்டார். வாலஸ் பெயரில் இருக்கும் பறவைகளில் பெரும் பங்கு உண்மையில் அலி சேர்த்தவை.

1858-ல் பச்சான் தீவில் ஒருநாள் அலி இடுப்பில் ஒரு பறவையோடு திரும்பினார். மார்பில் மின்னும் பச்சை, தோளில் கொடி மாதிரி நீட்டி நிற்கும் வெள்ளை இறகுகள். அறிவியல் அதுவரை பார்த்திராத சொர்க்கப் பறவை. அதற்கு வைத்த பெயரில் வாலஸ் இருக்கிறார், அலி இல்லை. 1862-ல் பிரியும்போது பணம், இரண்டு துப்பாக்கி, மிச்சமிருந்த தோட்டாக்கள் எல்லாம் அவருக்குக் கொடுத்துவிட்டு வந்தார் வாலஸ். 1907-ல் டெர்னாட்டே தீவுக்குப் போன ஒரு அமெரிக்க ஆய்வாளர் முன்னால் ஒரு முதியவர் வந்து நின்று, தன் பெயர் அலி வாலஸ் என்றாராம்.

மனசு கனக்கும் ஒரு பக்கம்

அந்தக் காலத்தில் சர்வே என்றால் சுட்டுக் கொல்வதுதான். போர்னியோவில் வாலஸ் உராங்குட்டான்களையும் சுட்டார். அப்படிச் சுட்ட ஒரு தாயின் குட்டி உயிரோடு கிடைத்தது. தூக்கி வந்து வளர்த்தார். பால் கிடைக்காததால் கஞ்சித் தண்ணீர் ஊட்டினார். துணைக்கு ஒரு குரங்குக் குட்டியை விட்டார். சுமார் மூன்று மாதம் கழித்து அது இறந்துபோனது. அதன் வளர்ப்பைப் பற்றி அவ்வளவு பாசத்தோடு எழுதியவரே, அதன் தாயைக் கொன்றவர். இரண்டும் ஒரே ஆள்தான்.

இன்று வௌவால் ஆய்வு செய்பவர்கள் மெல்லிய வலை விரித்துப் பிடித்து, அளந்து, எடை பார்த்து, குறித்துக்கொண்டு பறக்க விட்டுவிடுகிறார்கள். முறை நிறைய மாறிவிட்டது. எங்கே என்று எழுதுவது மட்டும் மாறவில்லை.

காய்ச்சலில் கிடைத்த விடை

1858 பிப்ரவரியில், காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தபோது அவருடைய பெரிய கேள்விக்கு விடை கிடைத்தது. பிறக்கும் எல்லாம் பிழைப்பதில்லை. சூழலுக்குப் பொருந்துவது பிழைக்கிறது. தலைமுறை தலைமுறையாக அந்த மாற்றம் சேர்ந்து புது இனமாகிறது. கட்டுரையாக எழுதி, டெர்னாட்டேயிலிருந்து டார்வினுக்கே அனுப்பினார். 20 வருஷமாக அதையே யோசித்து வெளியிடாமல் வைத்திருந்த டார்வின் ஆடிப்போனார். 1858 ஜூலை 1-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. வாலஸைக் கேட்கக்கூட இல்லை, அவர் இருந்ததோ உலகத்தின் மறுகோடியில். ஆனா அவர் கடைசிவரை கசப்பைக் காட்டவில்லை. தன் மலாய்ப் பயண நூலை டார்வினுக்கே சமர்ப்பித்தார்.

1862-ல் ஊர் திரும்பியபோது கணக்கு இது: 8 வருஷம், சுமார் 14,000 மைல், மொத்தம் 1,25,660 மாதிரிகள். அதில் வண்டுகள் மட்டும் 83,200. பறவைகள் 8,050. பாலூட்டிகள் 310. ஊர்வன 100.

பணத்தை மட்டும் அவருக்குக் காப்பாற்றத் தெரியவில்லை, அப்பாவைப் போலவே. தப்பான முதலீடுகளில் விட்டார். 1881-ல் டார்வின் முயற்சி எடுத்து, அரசிடமிருந்து வருஷத்துக்கு 200 பவுண்டு பென்ஷன் வாங்கிக் கொடுத்தார். 1913 நவம்பர் 7-ல், 90 வயதில் வாலஸ் மறைந்தார்.

ஒரு வரி செய்யும் வேலை

பச்சான் தீவில் வாலஸ் ஒரு ராட்சதத் தேனீயைப் பிடித்திருந்தார். கட்டைவிரல் நீளம், உலகின் மிகப் பெரிய தேனீ. அதன் பிறகு நூறு வருஷத்துக்கும் மேல் யார் கண்ணிலும் படவில்லை. 1981-ல் மறுபடி கிடைத்தது. பிறகு 2019-ல் அதை முதன்முறையாக உயிரோடு போட்டோ எடுத்தார்கள். இந்தோனேசியாவில் எந்தப் பக்கம் தேடுவது என்று முதலில் காட்டிக் கொடுத்தது, அந்தப் பழைய சீட்டில் இருந்த தீவின் பெயர்தான்.

ஆனா 2019-ல் கண்டுபிடித்த குழு, எந்தத் தீவு என்று வெளியே சொல்லவில்லை. காரணம், அதற்கு முந்தின வருஷம் ஆன்லைன் ஏலத்தில் அந்தத் தேனீ ஒன்று 9,000 டாலருக்கும் மேல் விலை போயிருந்தது. இடம் தெரிந்தால் வேட்டைக்காரர்கள்தான் முதலில் போய் நிற்பார்கள்.

அதனால அபூர்வமான ஆமையோ, பாம்போ, வௌவாலோ கண்ணில் பட்டா இடத்தைக் கண்டிப்பா குறிச்சு வைங்க. ஆனா ஸ்டோரி போடும்போது லொகேஷன் டேக்கை எடுத்துடுங்க. ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி ஆப்பில் பதிந்தால், அழிவில் உள்ள இனங்களின் துல்லியமான இடத்தை அதுவே மறைத்துவிடும். சரியான இடம் போய்ச் சேர வேண்டியது ஆய்வு செய்கிறவர்களிடம் மட்டும்தான்.